இரும்புப் பட்டை முதல் கார் டயர் வரை: ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்கிறது?



புதிதாக ஒரு கார் வாங்கினால் முதலில் என்ன செய்கிறோம்? திருத்தணி மலைக்கோ ஊர்க் கோயிலுக்கோ கொண்டுபோகிறோம். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். நம்மில் பல பேர் நாலு டயரையும் குனிந்து பார்ப்பது அந்த ஒரு நாள்தான்!

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், கரும்புப் பணம் வந்த கையோடு பழைய கார் ஒன்று வாங்கினார். குடும்பத்தோடு திருப்பதிக்குப் புறப்பட்டார். 1960 ஏப்ரல் 1-ம் தேதி ஆந்திராவிலிருந்து திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது அல்லவா? எல்லைதான் மாறியது, நகரி வழியாகத் திருப்பதி போகிற பாதை மாறவில்லை. அந்தப் பாதையில் ஒரு பஞ்சர். நல்ல காலம், மெதுவாகப் போனபோதே காற்று இறங்கிவிட்டது. டயரைக் கழற்றிய பையன், "சார், உள்பக்கம் பாருங்க, கம்பி தெரியுது" என்றான். வெளிப்பக்கம் முக்கால் புதுசு. உள்பக்கம் மொட்டை. நின்று பார்த்தால் தெரியாது, படுத்துப் பார்த்தால்தான் தெரியும். எண்பது, தொண்ணூறு வேகத்தில் அது வெடித்திருந்தால்? வண்டிக்குள் இரண்டு பேரக் குழந்தைகள் இருந்தன.

இந்தத் தேய்மானம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமானால், நம்ம கட்டை வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். கட்டை வண்டிச் சக்கரத்துக்கு ஆசாரி இரும்புப் பட்டையைக் காய்ச்சி, சிவக்கச் சிவக்க மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார். அந்தப் பட்டை தேய ஆண்டுக்கணக்காகும். தேய்ந்தது பட்டையா? இல்லை. பாதை தேய்ந்தது, மாட்டின் கழுத்து தேய்ந்தது. வண்டித் தடம் முழங்கால் ஆழம் பள்ளமான ஊர்ப் பாதைகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மாற்றுக் கண்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஒரு மாட்டு வைத்தியர்! ஜான் பாய்ட் டன்லப் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவம் பார்த்தவர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். காப்புரிமை வாங்கியது 1888-ம் ஆண்டு. (திருத்தணியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்ததும் அதே 1888-ல்தான்.) ஆனால் நியாயமாகச் சொன்னால், ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போது சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. யார் வாங்குவார்கள்? விஷயம் அப்படியே மறந்துபோயிற்று.

ஆரம்பத்து டயர் கறுப்பாக இருக்காது, வெளுப்பாக இருக்கும். சீக்கிரம் தேய்ந்தும் போகும். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரப்பரோடு ஒரு வகைக் கரிப்பொடியைக் கலக்கத் தொடங்கிய பிறகுதான் டயருக்கு இன்றைய நிறமும் வந்தது, ஆயுளும் வந்தது.

நம் நாட்டில் டன்லப் கம்பெனி 1936-ல் வங்காளத்தில் சாகாகஞ்சிலும், 1959-ல் சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரிலும் ஆலை வைத்தது. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952-ல் பழைய டயருக்கு மேல்பட்டை ஒட்டும் ரப்பருக்கு மாறி, 1961-ல் டயரே செய்தது. பின்னால் நம் அரக்கோணத்துக்கும் ஆலை வந்தது. மாட்டு வண்டிக்கும் டயர் வந்து சேர்ந்தது. அதே ஜோடி மாடு கூடுதல் பாரம் இழுத்தது, ரோடும் பிழைத்தது.

கூடவே புது வியாதியும் வந்தது. கரும்பை அளவுக்கு மேல் ஏற்றினால் நடு அச்சு கீழே வளையும். சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும். அப்போது எந்த விளிம்பு தரையில் அழுந்தும்? உள் விளிம்பு. டயர் வண்டி ஓட்டியவர்கள் கண்ணால் கண்ட சங்கதிதான் இது. காரில் இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். சக்கரம் உள்ளே சாய்ந்தால் உள் விளிம்பு, வெளியே சாய்ந்தால் வெளி விளிம்பு போகும்.

இரண்டு சக்கர மாட்டு வண்டி திரும்புவதில் சிக்கல் இல்லை. ஒவ்வொரு சக்கரமும் தன் பாட்டுக்குச் சுற்றும். நாலு சக்கரம் என்றால் கதை வேறு. கோயிலுக்கு ஏறும் மலைப்பாதையில் வளைவு வருகிறது என்று வையுங்கள். உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும். இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் ஏதாவது ஒன்று தரையில் இழுபட்டே ஆகும். ஜெர்மனியில் மூனிக் நகரத்து வண்டி செய்பவர் லாங்கன்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டார். உள்சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்பும்படி கம்பிகளை அமைத்தார். 1818-ல் இங்கிலாந்தில் அவருக்காகக் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மன். பேர் என்னவோ ஆக்கர்மனுக்கே நிலைத்தது! உழைத்தவன் ஒருத்தன், பேர் வாங்குகிறவன் ஒருத்தன் என்பது நமக்கா புதுசு?

இன்றைக்கும் காரின் முன் சக்கரங்களைப் பிணைத்திருப்பது அந்த மாதிரிக் கம்பிகள்தான். பள்ளத்தில் டமால் என்று விழுந்தால், அல்லது மூட்டு தேய்ந்தால், சக்கரம் நேரே பார்க்காமல் அரை டிகிரி கோணும். அரை டிகிரி என்ன பிரமாதம் என்கிறீர்களா? கணக்குப் போடுங்கள். ஒரு கிலோமீட்டர் ஓடினால் அந்த டயர் சுமார் 8 மீட்டர், 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டிவரும். திருத்தணியிலிருந்து சென்னை 85 கிலோமீட்டர் என்று வைத்தால், போய்ச் சேருவதற்குள் முக்கால் கிலோமீட்டர் அரைபடும். "டயரைத் தின்னுது" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், உள்ளங்கை போதும். ஆனால் முதலில் கண்ணால் பார்த்து, கம்பியோ ஆணியோ நீட்டிக்கொண்டு இல்லை என்று தெரிந்த பிறகே கை வையுங்கள். மாட்டு முதுகில் மயிர் வாட்டத்தில் தடவினால் வழவழ என்றிருக்கும், எதிர்த்துத் தடவினால் சொரசொர என்றிருக்கும் அல்லவா? டயரின் குறுக்கே அப்படித் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போகையில் வழுக்கி, திரும்பி வருகையில் பிசிறு குத்தினால் சக்கரம் கோணி ஓடுகிறது. உள்ளிருந்து வெளியே தடவும்போது குத்தினால் சக்கரங்களின் முன்புறம் உள்ளே பார்க்கிறது, அதாவது டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது குத்தினால் டோ-அவுட். அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் மூட்டு ஆடுகிறதா என்று முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். எவ்வளவு காற்று? டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் பெரும்பாலும் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பவுண்டு கணக்கு டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டியது. ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் ஏறியிருக்கும். "ரொம்ப இருக்கே" என்று அப்போது இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைவாகத்தான் இருக்கும். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாருங்கள்.

அம்பாசடர் காலத்தில் பின் சக்கரம் தள்ளியது, முன் சக்கரம் திரும்பியது. வேலை பங்கு போடப்பட்டிருந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி முன் சக்கரத்தாலேயே இழுக்கிற கார். இன்றைய சின்னக் கார்களும் பெரும்பாலும் அப்படியே. இழுப்பது, திரும்புவது, பிரேக் பாரத்தில் பெரும் பகுதி, எல்லாம் முன் டயர் தலையில். ஆகவே 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றுங்கள். பக்கத்தில் அம்புக்குறி போட்ட டயரை வலம் இடம் மாற்றக் கூடாது. கோடுகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயரில் கார் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்காது. அந்த அளவுக்குக் குழிக்குள் சிறு மேடு வைத்தே டயர் செய்கிறார்கள். ரப்பர் தேய்ந்து மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. இதையும் உள் விளிம்பில் பாருங்கள், வெளி விளிம்பை மட்டும் நம்பாதீர்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்ற மாற்றுச் சக்கரம் அது. தெருவின் பெயர் நம் ஊர் பஞ்சர் கடை வரை வந்துவிட்டது. மற்ற நாலுக்கும் காற்றுப் பிடிக்கும்போது டிக்கியைத் திறந்து அதற்கும் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த நண்பர் அன்றைக்கு நகரி ரோட்டில் எடுத்துப் பார்த்தபோது, அதில் காற்று இல்லை.