சாவிக்கு வந்த வழக்கு

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பென்னலூர் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட செல்போன் உங்கள் சட்டைப்பையில் இருக்கலாம். அதில் ‘எமுலேட்டர்’ என்கிற மென்பொருளைப் போட்டால், 1989-ல் ஜப்பானில் பிறந்த ‘கேம் பாய்’ கையடக்கக் கருவியின் விளையாட்டுகள்கூட ஓடும். செல்போன் வேஷம் கட்டிக்கொண்டு கேம் பாயாக நடிக்கும், அவ்வளவுதான். சட்டப்படி இது சரியா என்றால்... அது ஒரு பூட்டு சாவிக் கதை!

கேம் பாயின் பூட்டு ரொம்ப விசித்திரமானது. ஸ்விட்சைப் போட்டதும் ‘நின்டெண்டோ’ என்ற பெயர் மேலிருந்து மெல்ல இறங்கி வருமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெயரின் படம், வெறும் 48 பைட், ஒவ்வொரு விளையாட்டு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் இருந்தாக வேண்டும். கருவி தன்னிடம் உள்ள பிரதியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு புள்ளி மாறினாலும் விளையாட்டு ஓடாது. ஆக, அனுமதி வாங்காமல் கார்ட்ரிட்ஜ் செய்கிறவர் கம்பெனியின் டிரேட்மார்க்கையும் சேர்த்தே காப்பியடிக்க வேண்டும். அடித்தால் கேஸ்! எஞ்சினியர் செய்த பூட்டு மாதிரி தெரியவில்லை. வக்கீல் செய்த பூட்டு மாதிரி இருக்கிறது.

எமுலேட்டர் எழுதுவது குற்றமில்லை என்று அமெரிக்க அப்பீல் கோர்ட் 2000-ல், சோனி - கனெக்டிக்ஸ் வழக்கில் வழிவிட்டது. அதன் பிறகு சண்டை சாவியின் பக்கம் திரும்பியது. 2017-ல் வந்த ‘ஸ்விட்ச்’ கருவியின் விளையாட்டுகள் சங்கேதமாகப் பூட்டப்பட்டவை. சாவி என்பது கருவிக்குள் ஒளித்துவைத்த நீளமான எண்கள். ‘யூஸு’ என்ற எமுலேட்டர் அந்தச் சாவிகளைத் தரவில்லை. “உங்கள் ஸ்விட்சிலிருந்து நீங்களே எடுத்து வாருங்கள்” என்று ஒதுங்கிக்கொண்டது. நின்டெண்டோ விடவில்லை. பூட்டைத் திறக்க வழி செய்து தருவதையே அமெரிக்காவின் 1998-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது என்று 2024 பிப்ரவரியில் வழக்குப் போட்டது. ஒரே வாரத்தில் 24 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு யூஸு கடையைச் சாத்தியது. விசாரணையே நடக்கவில்லை!

நம்மூரில்? ரிலையன்ஸ் தன் சேவைக்கென்றே பூட்டி, சலுகை விலையில் விற்ற செல்போன்களின் உள் எண்ணை மாற்றி, போட்டி கம்பெனியின் சேவைக்கு இழுத்ததாக ஹைதராபாத்தில் ஒரு வழக்கு. அந்த எண்ணை மாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுக்குள் வரும் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவு நுழைந்தது. பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால், ‘உரிமையை மீறும் எண்ணத்தோடு’ உடைத்தால்தான். அமெரிக்கச் சட்டம் பூட்டைப் பார்க்கிறது. நம் சட்டம் உடைத்தவரின் மனசையும் பார்க்கிறது.

நியாயமாக வாங்கிய புரோகிராமுக்கு, தொலைந்தாலோ கெட்டுப்போனாலோ உதவுமென்று ஒரு பாதுகாப்புப் பிரதி எடுத்துவைக்க 52-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. யாரோ இணையத்தில் கொட்டிவைத்ததை நீங்கள் இறக்கிக்கொண்டால் அந்தப் பிரிவு துணைக்கு வராது, சாவி உங்கள் சொந்தக் கருவியிலிருந்தே எடுத்ததாக இருந்தாலும்.