விசர்நோயும் தடுப்பூசியும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் கோறளைப்பற்றுத் தெற்கிலே அமைந்த கிரான், வயலும் மேய்ச்சல் தரையும் சூழ்ந்த ஊர். அதன் மேற்கே விரியும் வட்டைகளில் வேளாண்மைக்குக் காவலிருப்போர்க்கும் மாட்டுப் பட்டி மேய்ப்போர்க்கும் இரவுத் துணை நாயேயாகும். யானையின் வரவையும் பன்றியின் வரவையும் முதலில் உணர்ந்து குரல் கொடுப்பது அது. வீட்டிலே நெல் மூடையை எலியினின்றும் காப்பது பூனை. உழவர் வாழ்வோடு ஒன்றிய இவ்விரு பிராணிகளின் நலமும் அவற்றை வளர்ப்போரின் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவ்வுண்மையை விசர்நோயின் வரலாற்றைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

இந்நோய் மனிதன் அறிந்த பழம் நோய்களுள் ஒன்று. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்னர் மெசப்பொத்தேமியாவின் எசுனுன்னா நகரில் எழுந்த சட்டம், விசர் நாயை அடக்கி வைக்காத உரிமையாளனுக்குத் தண்டம் விதித்தது. அந்நாய் கடித்து ஒருவன் இறப்பின் 40 செக்கல் வெள்ளி செலுத்தவேண்டும் என்பது விதி. சுசுருத சங்கிதையும் இந்நோயின் குறிகளைக் கூறுகிறது. கடியுண்டவன் நீரைக் கண்டு அஞ்சுவானாயின் பிழைத்தல் அரிது என்பது அந்நூலின் முடிபு. குறி தோன்றியபின் மருந்து பயன்படாது என்னும் அவ்வுண்மை இன்றும் பெரிதும் மாறவில்லை.

மாறியது கடிக்கும் குறிக்கும் இடைப்பட்ட காலத்தின் பயனேயாம். கடிவாயிற் புகுந்த வைரசு நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கிச் செல்லும். அதற்குப் பெரும்பாலும் வாரங்களும் மாதங்களும் ஆகும். இவ்விடைவெளியைப் பயன்படுத்தலாம் எனக் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், நாய்க்கடியுண்ட யோசேப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவருடைய தடுப்பு மருந்து ஏற்றப்பட்டது. சிறுவன் பிழைத்தான். 1900இல் இந்தியாவின் கசௌலியிலும், 1907இல் நீலகிரியின் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. கசௌலியிலே டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய, விலங்கின் மூளைத் திசுவிலான மருந்து ஆசிய நாடுகள் பலவற்றில் நெடுங்காலம் வழங்கிற்று. பல நாள் தொடர்ந்து வயிற்றிலே ஊசி ஏற்றிக்கொண்டோர் அதன் நோவை மறந்திரார். உயிரணு வளர்ப்பு முறையிற் செய்யப்பட்ட, தீங்கு குறைந்த மருந்துகள் பின்னர் அதன் இடத்தைப் பெற்றன.

இலங்கையிலே 1893ஆம் ஆண்டில் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும், 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டமும் இயற்றப்பட்டன. கட்டாக்காலி நாய்களைக் கொல்வதே அக்காலத்தில் தலையாய தடுப்பு முறையாகக் கருதப்பட்டது. ஆயினும் நோய் அடங்கவில்லை. 1973இல் மாத்திரம் இந்நாட்டில் 377 பேர் விசர்நோயால் மாண்டனர். காரணம் விளங்குவதற்கு அரிதன்று: ஒரு தெருவில் நாய்கள் அழிந்தால், உணவுள்ள அவ்விடத்தைத் தடுப்பூசி பெறாத வேறு நாய்கள் வந்து நிரப்பும். மாறாக, ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதேனும் ஊசி பெற்றிருப்பின், அவையே நோய்க்குத் தடையான வேலியாகின்றன. அடுத்து வந்த ஆண்டுகளில் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றுதல் நாடெங்கும் பரவிற்று. 2006 முதல் நாய்களைக் கொல்வது கைவிடப்பட்டு, ஊசியும் கருத்தடையும் முதன்மை பெற்றன. முந்நூற்றைக் கடந்திருந்த ஆண்டு மரணத் தொகை, அண்மைய ஆண்டுகளில் ஐம்பதுக்குக் கீழ் இறங்கியுள்ளது. கொலையினால் எய்தாத பயனைக் காப்பு எய்துவித்தது.

எனினும் எஞ்சிய மரணங்கள் ஒவ்வொன்றும் தடுத்திருக்கக் கூடியவை. கிரான் போன்ற ஊர்களில் இக்கருத்து தனிப்பொருள் பெறுகிறது. மாரி வெள்ளம் பெருகுங்கால், அங்கிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் பாதை நீரில் மூழ்கி, அப்பாலுள்ள சிற்றூர்கள் தோணியையே நம்பியிருந்த காலங்கள் உண்டு. கடியுண்டவன் வைத்தியசாலையை அடைவதற்கு வெள்ளம் வடியும் நாளை எண்ணிக் காத்திருத்தல் இயலாது. ஆதலின், மாரிக்கு முன்னரே வாசலிற் கிடக்கும் நாய்க்கும் அடுக்களையில் உலவும் பூனைக்கும் ஊசி ஏற்றுவித்தல், வீட்டுக் கூரையை வேய்வதற்கு ஒப்பான முற்காப்பு. காவலுக்கென வாடிக்குக் கொண்டுசெல்லும் நாயை இக்கணக்கில் விட்டுவிடலாகாது.

பட்டி வைத்திருப்போர் அறியவேண்டியது மற்றொன்று. விசர் நாய் கடித்த மாடும் நோயுறும். வாயில் நுரை ஒழுக, விழுங்க மாட்டாது நிற்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியதென எண்ணி வெறுங்கையை உள்ளே விடுவது ஆபத்து. கால்நடை வைத்தியரை அழைப்பதே முறை.

கடியோ கீறலோ நேர்ந்தால், முதல் வேலை காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுதல். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாயும் அங்கு வேண்டுவன அல்ல. அடுத்தது தாமதமின்றி வைத்தியசாலை செல்லுதல். பூனைக்கீறல்தானே, குட்டிநாய்தானே என்னும் அலட்சியத்தை இந்நோய் மன்னிப்பதில்லை.

பாஸ்டர் மறைந்த செப்டெம்பர் 28ஆம் நாள், உலக விசர்நோய் தினமாக அனுட்டிக்கப்படுகிறது. எசுனுன்னாவின் சட்டம் நாய்க்கு உடையவனே பொறுப்பு என்றது. அப்பொறுப்பை நிறைவேற்றும் வழி அன்று தண்டமாயிருந்தது. இன்று அது ஓர் ஊசியாய் எளிமையுற்றுள்ளது.