வழிப்போக்கனும் செய்தியின் விலையும்

ஊர் விட்டு ஊர் செல்லும் மனிதனுக்கு உணவும் உறையுளும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது வீட்டாரோடு தொடர்பு கொள்ளும் வசதி. அவ்வசதிக்கு அவன் எக்காலத்தும் ஒரு விலை கொடுத்தே வந்திருக்கிறான். அவ்விலையை எந்த அளவுகோலால் அளந்தனர் என்பதே நான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்பும் வரலாறு. சாலையிலேயே நாள்களைக் கழிக்கும் ஒருவன் தன் கைப்பேசிக்கு எந்த டேட்டா திட்டத்தைத் தேர்வது என்னும் வினாவுக்கும் அதில் விடை உண்டு.

முதலில் அளவுகோலாக இருந்தது தூரம். 1837-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின்படி, கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதம் அனுப்ப ஒரு ரூபாய். ஆக்ராவுக்கு 12 அணா. வீட்டை விட்டு மிகத் தொலைவில் இருப்பவனிடமே மிகுதியாக வாங்கினர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ரோலண்டு ஹில் என்பவர், கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவு மிகச் சிறிது என்றும், தூரத்தைக் கணக்கிட்டு வசூலிப்பதற்கே பெருஞ்செலவு ஆகிறது என்றும் எடுத்துக்காட்டினார். 1840-இல் அங்கே ஒரு பென்னி அஞ்சல் பிறந்தது. 1854-இல் இந்தியாவிலும் கால் தோலா வரையுள்ள கடிதத்துக்கு, நாட்டின் எந்த மூலைக்குச் சென்றாலும் அரையணா என்றாயிற்று. 1879-இல் காலணா அஞ்சலட்டை வந்தது. ஏழைக்கும் கடிதம் எட்டியது.

ஆயினும், வரலாறு சில வேளைகளில் பழைய பாதைக்கே திரும்புகிறது. 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். அந்நாளில் நாடு பல தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வட்டத்தின் எல்லையைத் தாண்டினால் ‘ரோமிங்’ கட்டணம். சென்னை ஒரு வட்டம், தமிழ்நாட்டின் ஏனைய பகுதி மற்றொன்று. 2005-இல்தான் அவை இணைக்கப்பட்டன. வந்த அழைப்பை ஏற்பவரும் பணம் தர வேண்டியிருந்தது. நாமக்கல்லிலிருந்து சரக்கு ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர், வீட்டிலிருந்து வரும் அழைப்பைக் கண்டு மகிழ்வதா, அஞ்சுவதா?

இச்சுவர்கள் ஒவ்வொன்றாக இடிந்தன. 2003 மே மாதம் முதல் அழைப்பவரே செலுத்தும் முறை வந்தது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்கள், நாடெங்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் எழுந்த போட்டியில் டேட்டாவின் விலை பெரிதும் சரிந்தது. அடுத்த ஆண்டிலேயே பெரிய நிறுவனங்கள் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டன. அதே 2017 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் தன் நாடுகளுக்கிடையே அதனை நீக்கியது.

தூரம் மறைந்தது, அதன் இடத்தில் நாள் வந்து அமர்ந்தது. மாதத் திட்டம் என்று நாம் கருதும் பல திட்டங்கள் 28 நாள்களே செல்லும். 13 முறை ரீசார்ஜ் செய்தால் 364 நாள். ஆண்டுக்குப் பன்னிரண்டு என்று எண்ணியவர் பதின்மூன்று முறை செலுத்துகிறார். 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 30 நாள் திட்டம் ஒன்றேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது இதனால்தான்.

‘ஒரு நாளைக்கு இத்தனை ஜி.பி.’ என்னும் திட்டமும் அத்தகையதே. பயன்படுத்தாத பங்கு நள்ளிரவோடு மறைந்துவிடும். பகலெல்லாம் வண்டி ஓட்டுபவருக்கு அது வீண். சரக்குக்காகக் காத்திருக்கும் நாளிலோ அது போதாது. அவருக்கு, மொத்தமாக அளந்து கொடுத்து நீண்ட நாள் செல்லும் திட்டமே பெரும்பாலும் ஏற்றது. மலைப்பாதையில் கோபுரத்தின் வீச்சு எட்டாவிடின் எந்த மலிவும் பயன் தராது. ஆதலின், வேறொரு நிறுவனத்தின் சிறு திட்டத்தோடு இரண்டாவது சிம் வைத்திருப்பது அறிவுடைமை.

மாணவ நண்பர்களே! எவ்விலையையும் கண்டவுடன் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: எதை அளக்கிறார்கள்? எத்தனை நாளுக்கு? நான் செல்லும் வழியில் அது கிடைக்குமா? 1837-இல் ரோலண்டு ஹில் கேட்டதும், அளவுகோல் சரிதானா என்ற இவ்வகைக் கேள்வியே. கேட்டதனால் அன்றோ கடிதத்தின் விலை குறைந்தது!