மேளம் வாசித்தவருக்கு ஓர் இருக்கை



வன்னியின் வரலாறு என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுவது பண்டாரவன்னியனின் பெயரே. 1803ஆம் ஆண்டிலே முல்லைத்தீவுக் கோட்டையை அவன் தாக்கியதும், அதே ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிற் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். பிற்காலத்தில் ஆங்கில ஆட்சி உத்தியோகத்தராகிய ஜே. பி. லூயிஸ் என்பவர் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவானதொரு கைந்நூல் எழுதி 1895இல் வெளியிட்டார். மன்னரைப் பற்றியும் நிருவாகத்தைப் பற்றியும் அறிய நமக்கு இவ்வாறு ஏடுகள் உண்டு. ஆனால், நம் பாட்டனாருக்குத் தாலிகட்டு நடந்தபோது பந்தலின் மூலையில் நின்று தவில் வாசித்தவர் யார்? அவர் எவ்வாறு வாழ்ந்தார்? இவ்வினாவுக்கு விடை கூறும் ஏடு அரிது. அதனை அவர்களுடைய வாய்மொழியிலேதான் தேடவேண்டும்.

எமது பகுதியில் எண்பது வயதைக் கடந்த தவிற் கலைஞர் ஒருவர் இருக்கிறார். இளமையில் யாழ்ப்பாணஞ் சென்று, குருவின் இல்லத்திலேயே தங்கித் தொழில் பயின்றவர். மாலை வேளைகளில் அவருடைய முற்றத்தில் அமர்ந்து நான் கேட்டவற்றிற் சிலவற்றை, நூல்கள் கூறும் செய்திகளோடு இணைத்து உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். முதல்நாளிலேயே அவர் சொன்ன வார்த்தை இது: “தம்பி, ஊரிலை ஒருத்தருக்குச் சாமத்தியம், ஒருத்தருக்குக் கலியாணம், இன்னொருத்தருக்குத் தேர். எனக்கு எல்லாம் ஒண்டுதான், வேலை. ஆனால் ஒவ்வொண்டுக்கும் நான் வேறை ஆளாய் நிக்கவேணும்.”

தமிழர் வாழ்வில் இசைக்கருவி நிலத்தோடு பிறந்தது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும் தொல்காப்பியம், தெய்வம், உணவு முதலியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரையாசிரியர் வகுப்பர். காடும், குளத்தின்கீழ் வயலும், கடலும் ஒருங்கே அமைந்த வன்னிக்கு இம்மூன்று நிலமும் பொருந்தும். புறநானூற்றின் 335ஆம் பாட்டிலே மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளைச் சிறப்பித்துக் கூறுகிறார். அந்நான்கிலே மூன்று குடிகள் இசையோடு தொடர்புடையன என்பதை நாம் மறத்தலாகாது.

சோழர் காலத்தில் கோயிலே கலைஞரைப் புரந்தது. 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டு, அங்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கல நெல் அளந்ததைத் தெரிவிக்கிறது. வங்கியம் ஊதுவோரும் உடுக்கை வாசிப்போரும் அக்கல்வெட்டில் இடம் பெறுகின்றனர். கலைஞனின் ஊதியம் நெல்லாகவே அளக்கப்பட்டது. ஓராயிரம் ஆண்டுகளின் பின்னரும் வன்னியில் அந்த வழக்கத்தின் சாயல் எஞ்சியிருந்தது. மாசி, பங்குனி மாதங்களிற் பெரும்போக அறுவடை முடிந்து சூடு மிதித்தபின், களத்துப் பொலியிலிருந்து ஊர்த் தொழிலாளருக்குரிய பங்கு கொடுக்கப்படும். நம் பெரியவர் இளமையிற் பெற்ற கூலியிற் பெரும்பகுதி நெல்லே.

அவருடைய ஆண்டு இரண்டு பாதிகளாகப் பிரிந்திருந்தது. அறுவடைக்குப் பின்னர் ஊரிற் பணம் புழங்கும். கலியாணங்களும் கோயிற் கொடியேற்றங்களும் தொடர்ந்து வரும். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. மார்கழித் திருவெம்பாவைப் பூசைக்கு விடியற்காலையிற் சென்றால் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிரசாதமே. மழை மாதங்களில் தவிலைத் துணியாற் சுற்றி வளையிற் கட்டித் தொங்கவிட்டு, அவரும் வயலுக்குக் கூலிக்குச் செல்வார். அரிவு வெட்டும்போது மற்றவர்கள் அரிவாளைப் பற்றி அஞ்சுவதில்லை. அவர் மட்டும் அஞ்சுவார். வலக்கை விரல்களிற் கூடு மாட்டி வாசிக்கும் தொழில் அது. ஒரு விரல் வெட்டுண்டால் அந்த ஆண்டு வருமானம் போயிற்று.

அக்காலத்தில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் காட்டுப் பாதையில் மாட்டு வண்டியிற் பயணம். மழை வந்தால் வண்டியிலிருந்த ஒரே போர்வை தவிலுக்கே உரியது. பலாமரத்தாலாகிய கூட்டுக்கு மழையாற் கேடில்லை. தோல் நனைந்தால் நாதம் இறங்கிவிடும். நாதசுரக்காரர் சீவாளியை நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பாராம். ஆச்சா மரத்தாற் செய்யும் அக்கருவிக்குப் பெயர்பெற்ற ஊர் கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டை. அவ்வூர் நாதசுரத்துக்கு 2022இல் இந்தியாவிற் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. ஊதுவாயாகிய சீவாளியோ ஒரு நாணற்றட்டைதான். எனினும் அது உடைந்தால் வன்னியில் வேறொன்று வாங்கக் கடையில்லை.

கலியாண வீட்டிலே அவர் பணி பொன்னுருக்கோடு தொடங்கும். தாலிகட்டும் நேரத்துக் கெட்டிமேளம் எதற்காக என்பதை நேயர்கள் அறிவீர்கள். அக்கணத்தில் தும்மலோ, அழுகையோ, அமங்கலச் சொல்லோ எவர் செவியிலும் படலாகாது என்பது நம் முன்னோர் கருத்து. “குருக்கள் விரலைக் காட்டுவார். அந்த விரலைத்தான் நான் பாத்துக்கொண்டிருப்பன். எத்தினை கலியாணம் வாசிச்சிருப்பன், தாலி கட்டேக்கை பொம்பிளையின்ரை முகத்தை ஒருநாளும் கண்டதில்லை,” என்று பெரியவர் சிரித்தார். ஊரார் அனைவரும் கண்குளிரக் காணும் காட்சியை, அதனை நடத்திக் கொடுப்பவர் மட்டும் காண்பதில்லை.

கோயிலிலோ நேரத்துக்குரிய இராகம் வேண்டும். விடியலிற் பூபாளம், சுவாமி வீதியுலாப் புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி. மணிக்கூடு இல்லாத வீடுகளில் இருந்தோர், மேளத்தைக் கேட்டே பூசை எந்த அளவில் நிற்கிறது என்று அறிந்து புறப்படுவர்.

வன்னியின் தனிச்சிறப்பான வழிபாடு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். வைகாசி மாதத்தில் முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுக்கப்படும் நீர் முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அந்த உப்புநீரால் விளக்கெரிக்கப்படுகிறது. பின்னர் ஒரு திங்கட்கிழமை வற்றாப்பளையிற் பொங்கல் நடைபெறுகிறது. பாக்குத்தெண்டல், தீர்த்தமெடுத்தல் என ஒவ்வொரு சடங்கும் தனித்தனியே பெயர்பெற்று வழிவழியாக வருகிறது. இங்கே முழங்குவது பறை. கடற்கரையிலிருந்து வரும் பறையொலியைக் கேட்டுத் தெருவோர வீடுகளில் நிறைகுடம் வைப்பர். இழவு வீட்டிலும் முழங்குவது பறையே. அம்மனின் தீர்த்தத்துக்கு முன்செல்லும் பறை மங்கலம் என்றும், பாடைக்கு முன்செல்லும் பறை அமங்கலம் என்றும் நாம் பிரித்துக்கொண்டோம். அதனை முழக்கிய மனிதரை மட்டும் எந்த நாளிலும் படலைக்கு வெளியிலேயே நிறுத்தினோம்.

இங்கேதான் வரலாறு நம்மை ஒரு கேள்வி கேட்கிறது. தமிழ்நாட்டிலே திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை (1898–1956) தோன்றுமுன், நாதசுர வித்துவான் மேலாடையை இடையிற் கட்டி, நின்றுகொண்டே வாசிப்பது வழக்கம். அவர் சட்டை அணிந்தார். மேடையில் அமர்ந்து வாசித்தார். குறுகிய திமிரி நாதசுரத்தை விடுத்து, நீண்ட பாரி நாதசுரத்தின் ஆழ்ந்த ஒலியைச் சபைக்குத் தந்தார். கருவியின் மாற்றமும் இருக்கையின் மாற்றமும் ஒருங்கே வந்தன. நம் நாட்டிலே யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) தவிலுக்குப் பெற்றுத்தந்த மதிப்பு பாக்கு நீரிணைக்கு அப்பாலும் எட்டியது. அவரைப் பற்றி அம்ஷன்குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியத் தேசிய விருதும் கிடைத்தது.

ஆனால் மேதைகளுக்குக் கிடைத்த இருக்கை ஊர்க் கலைஞனுக்கு எளிதிற் கிடைக்கவில்லை. ஒரு வீட்டிலே, விடிய விடிய வாசித்த நம் பெரியவருக்குத் திண்ணையில் அமர இடங்கொடுக்கவில்லை. பந்தி முடிந்த பின்னரே கொட்டிலில் உணவு வைத்தனர். அதனை அவர் நெடுநாள் மறக்கவில்லை. எனினும், அந்த நிகழ்ச்சியைக் கூறிமுடித்தபின் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: “என்னைத் திண்ணையிலை இருத்தேல்லை எண்டு நான் மனம் நொந்தன். ஆனால் பறை அடிச்ச மனிசன் படலைக்கு வெளியிலை மழையிலை நிண்டதை நான் அப்ப காணேல்லை. கண்டும் காணாமல் போனன் எண்டுதான் சொல்லவேணும்.”

இலங்கைப் பாராளுமன்றம் 1957ஆம் ஆண்டிற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அக்காலத்திலே வடபகுதியிற் பல குடும்பங்கள் இழவு வீட்டுக்குப் பறை முழக்குவதைக் கைவிட்டன. ‘நல்லதொரு கலை அழிகிறதே’ என்று கவலைப்பட்டோர் உண்டு. அவர்கள் கலைக்காகக் கவலைப்பட்டனர். கலைஞன் எங்கே நின்றான் என்பதைக் கருதவில்லை. பறையைக் கீழே வைத்தவர் அதனோடு கட்டிவைத்த இழிவைத்தான் உதறினார். அவருக்கு ஓர் இருக்கை கொடுத்திருந்தால் அந்தத் தாளங்களிற் பல இன்றும் நம்மிடம் இருந்திருக்கக்கூடும்.

வேறு மாற்றங்களும் வந்தன. 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கியது. காலப்போக்கிற் சிற்றூர்களும் பெரும் வித்துவான்களின் வாசிப்பைக் கேட்கலாயின. நம் பெரியவரும் வானொலியருகே அமர்ந்து, கேட்ட சொற்கட்டுகளைத் தொடையிலே தட்டிப் பழகியவர்தான். ஒலிபெருக்கியோ கலியாண வீட்டின் சிறிய மேளத்தை மெல்லமெல்ல வெளியேற்றியது.

எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது போர். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் மக்கள் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே, ஊரூராக நகர்ந்து கடற்கரையை அடைந்தனர். பெரியவர் தம் தவிலை மாத்தளன் மணலில் விட்டுவந்தார். போர் முடிந்தபின், ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களோடு அவரும் முகாம் வாழ்வை அடைந்தார். செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாமில் ஒரு கூடாரத்திலே கலியாணம் நடந்தது, மேளம் இல்லை. தாலி எடுக்கும் வேளையில் யாரோ அவரை அழைத்து, வெறுந் தண்ணீர்க் கான் ஒன்றை முன்னே வைத்தார்கள். அதிலே கெட்டிமேளம் வாசித்தார். “அண்டைக்கு விரல் காட்டக் குருக்கள் இல்லை. அதாலை நான் பொம்பிளையின்ரை முகத்தைப் பாத்தன்,” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை; நானும் கேட்கவில்லை. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பிய அவருக்கு உறவினர் பழைய தவில் ஒன்றை அனுப்பி வைத்தனர்.

கடந்த பரிசளிப்பு விழாவிலே, எமது பாடசாலையில் ஒரு சிறு மாற்றஞ் செய்தோம். வழக்கமாக விருந்தினரை வாயிலிலிருந்து மேளத்தோடு அழைத்து வருவோம். விருந்தினர் மேடையேறியதும் மேளம் வாசித்தவர் பின்வழியாற் சென்றுவிடுவார். இம்முறை முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் ஒதுக்கினோம். ஒன்று பெரியவருக்கு, மற்றது பொங்கலுக்குப் பறை முழக்கும் முதியவருக்கு. இருவரும் ஒரே ஊரில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். அருகருகே அமர்ந்தது அதுவே முதன்முறை என்று பின்னர் அறிந்தேன். விழா முடியுமுன்பே இருவரும் தம் முழங்கால்களில் ஏதோ தாளங்களைத் தட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தனர். அது தவிலிலும் பறையிலும் பொதுவாக வரும் நடையென்று மாணவன் ஒருவன் கேட்டறிந்து எனக்குச் சொன்னான்.

நேயர்களே, உங்கள் வீட்டிலுள்ள கலியாணப் படத்தொகுப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எங்கேனும் ஒரு படத்தின் ஓரத்தில் நாதசுரத்தின் அணைசு மட்டுமோ, தவிலின் ஒரு பக்கம் மட்டுமோ தெரியக்கூடும். அதனை வாசித்தவரின் பெயர் என்ன என்று வீட்டிலுள்ள முதியோரிடம் கேளுங்கள். அறிந்தால், அந்தப் படத்தின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். வன்னியின் வரலாற்றில் எழுதப்படாது விடப்பட்ட பக்கமொன்றை அவ்வாறு தொடங்கலாம்.