ஒலியன் கருத்தின் வரலாறும் தமிழ் வல்லின எழுத்துகளும்

'கடல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் உள்ளது; ஆனால் அது ஒரே ஒலியாக ஒலிப்பதில்லை. சொல்லின் முதலில் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்துக் குரல்நாண் அதிர்வுடனும், உயிர்களுக்கிடையே ஏறத்தாழ ஹகரம் போலவும் ஒலிக்கிறது. தமிழ் பேசுவோர் பெரும்பாலும் இவ்வேறுபாட்டை உணர்வதே இல்லை. இவ்வாறு இடத்துக்கேற்ப மாறும் ஒலிகளை மாற்றொலிகள் என்பர். அவற்றை ஒன்றாக உள்ளடக்கி, பொருளை வேறுபடுத்தும் அலகு ஒலியன் எனப்படும். 'கலை', 'தலை', 'மலை' ஆகியவற்றில் முதலொலி மாறப் பொருளும் மாறுகிறது. ஆதலால் க், த், ம் மூன்றும் தனித்தனி ஒலியன்கள்.

வல்லினத்தின் இவ்வியல்பை ஐரோப்பியருக்கு விரிவாக விளக்கியவர் கால்டுவெல். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், ஒலிப்பிலா ஒலிகளும் ஒலிப்புடை ஒலிகளும் இடத்துக்கேற்ப மாறுவதை ஒரு விதியாகவே அவர் வகுத்தார். ஒலியன் என்ற கருத்து அப்போது உருவாகியிருக்கவில்லை. 'ஃபோனீம்' என்ற பிரெஞ்சுச் சொல் 1873இல் தோன்றியபோதும் அதற்குப் பேச்சொலி என்பதே பொருள். ரஷ்யாவின் கசான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய போலந்து அறிஞர் போதுவான் டி கூர்தனேயும் அவர் மாணவர் குருஷெவ்ஸ்கியும்தான் அச்சொல்லுக்குப் புதுப்பொருள் தேடினர்.

அமெரிக்காவில் எட்வர்ட் சப்பீர் 1925இல் எழுதிய கட்டுரை ஓர் எளிய ஒப்பீட்டால் இதை விளக்கியது. மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கும் ஓசையும் ஒரு மொழியின் பேச்சொலியும் செவிக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். ஆயினும் பேச்சொலிக்கு மட்டுமே மற்ற ஒலிகளோடு உறவுண்டு. பிராக் வட்டத்தைச் சேர்ந்த ட்ருபெட்ஸ்கோய் இவ்வுறவுகளை முறைப்படுத்தினார். நாசிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய சில மாதங்களில், 1938இல், அவர் வியன்னாவில் இறந்தார். முற்றுப்பெறாத அவருடைய 'ஒலியனியல் அடிப்படைகள்' 1939இல் வெளியாயிற்று. மாற்றொலிகளுக்குச் சான்றாகத் தமிழ் வல்லினமும் அதில் இடம்பெறுகிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து இருப்பதைக் குறையாகக் கூறுவது பொருந்தாது. பிராமியில் ஒலிப்புடை ஒலிகளுக்கும் மூச்சொலிகளுக்கும் தனி எழுத்துகள் இருந்தன. அதைத் தமிழுக்கு ஏற்றுக்கொண்டவர்கள் அவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். மாங்குளம் கல்வெட்டில் 'தம்மம்' என்ற பிராகிருதச் சொல்லுக்கு மூச்சொலி எழுத்து வருவதால், அவ்வெழுத்துகளை அவர்கள் அறியாதிருக்கவில்லை என்பது தெரிகிறது. தமிழ்ச் சொற்களுக்கு அவை தேவைப்படவில்லை.

எனினும் தமிழ் எழுத்துமுறை முழுக்க ஒலியன் வழிப்பட்டதும் அன்று. நகரமும் னகரமும் பெரும்பாலும் ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. இன்றைய பேச்சில் பலர்க்கு இரண்டும் ஒரே ஒலி. ஆயினும் எழுத்து இரண்டாகவே நீடிக்கிறது. கடன்சொற்கள் இதற்கு நேர்மாறான சிக்கலைத் தந்தன. தீவினையைக் குறிக்கும் 'பாவம்' ஒலிப்பிலாப் பகரத்திலும், நடனத்தில் முகம் காட்டும் 'பாவம்' ஒலிப்புடைப் பகரத்திலும் தொடங்குகின்றன. பேச்சில் இவ்விரண்டையும் பிரித்தறிபவரும் எழுதும்போது ஒரே பகரத்தையே இடுகிறார்.