லாஸ் சலினாஸின் கண்ணாடிக் கூரை

சூரிய வெப்பத்தில் உப்புநீரைக் குடிநீராக்கும் ஆய்வுகளைக் கொஞ்ச நாளாக விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கிற வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, ராத்திரிப் பொழுதுபோக்கு. தங்க நானோத்துகள், கிராஃபைட், ஏரோஜெல் என்று போய், இப்போது மறுசுழற்சிக்கு ஏற்ற பொருள் வேண்டும் என்று மரத்துக்கு வந்து நிற்கிறார்கள். இந்தத் துறையின் முதல் பெரிய ஆலையே மரத்தாலும் கண்ணாடியாலும் ஆனதுதான். கட்டிய வருஷம் 1872.

இடம், தென்னமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்தில் லாஸ் சலினாஸ். பெயருக்கே உப்பளங்கள் என்றுதான் அர்த்தம். புத்தகங்கள் எல்லாம் சிலி நாடு என்று எழுதுகின்றன; 1872-இல் அந்த வட்டாரம் பொலிவியா வசம் இருந்தது. பிறகு வந்த போரில்தான் சிலி பிடித்துக்கொண்டது. எல்லாம் வெடியுப்புக்காக. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், வண்டி இழுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் தண்ணீர் வேண்டும். கிணறு தோண்டினால் வந்ததோ சுமார் 14 சதவீத உப்பு, கடல்நீரைப் போல நான்கு மடங்கு. கடலோர ஊர்களில் கப்பலில் வந்த நிலக்கரியை எரித்துக் கடல்நீரை வடித்தார்கள். பாலைவனத்துக்குள்ளே அந்தக் கரியையும் கழுதைதானே சுமக்கணும்?

சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர் கரிக்குப் பதில் வெயிலைப் பிடித்தார். அவர் கட்டியது ஒரு சூரிய வாலை. பன்னீரும் சாராயமும் வடிக்கிற அதே வாலைதான், அடுப்பு மட்டும் வானத்தில். ஆழமில்லாத 64 மரத்தொட்டிகள், மேலே சாய்வாகக் கண்ணாடி. காற்றாலை கிணற்றுநீரை மேலே ஏற்றும். அங்கிருந்து தொட்டிகளுக்கு இறங்கும். தொட்டியின் அடிப்பாகம் வெயிலை உறிஞ்சக் கறுப்பாக இருக்கணும். அதுக்கு அவர்கள் பயன்படுத்தியது ஒரு மரச்சாயமும் படிகாரமும். ஆமாங்க, நம்ம சலூன் படிகாரம்தான். ஆவி கண்ணாடியின் உள்பக்கம் படிந்து, வழிந்து, ஓரத்துக் கால்வாயில் சேரும். ஜோசையா ஹார்டிங் என்பவர் 1883-இல் லண்டன் சிவில் பொறியாளர் சங்க வெளியீட்டில் இதை விவரித்து எழுதியதால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது.

நல்ல நாளில் சுமார் 22,700 லிட்டர் கிடைத்தது. கண்ணாடிப் பரப்பு ஏறத்தாழ 4,500 சதுர மீட்டர். ஆக, ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2.4 மெகாஜூல் போல வேண்டும். பாலைவன வெயில் ஒரு நாளைக்கு 25 மெகாஜூல் பக்கம் தருகிறது. அதாவது அதிகபட்சமே 10 லிட்டர்தான். வில்சன் பாதியைப் பிடித்துவிட்டார், படிகாரத்தை வைத்துக்கொண்டு!

இனி நம் காலம். 2014-இல் எம்.ஐ.டி. குழு ஒன்று, கார்பன் நுரைமேல் கிராஃபைட் செதில்களைப் பரப்பித் தண்ணீரில் மிதக்கவிட்டது. வெயிலைப் பத்து மடங்கு குவித்தபோது 85 சதவீதத் திறன். 2017 வாக்கில், மேல்பரப்பை மட்டும் கரியாக்கின மரத்துண்டு வந்தது: கரி வெயிலை வாங்கும், மரத்தின் நுண்குழாய்கள் தண்ணீரை மேலே இழுக்கும். அழகான யோசனை. மட்கும், மலிவு.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தத் துறையில் வழக்கமான சோதனை என்பது, திறந்த குவளையைத் தராசில் வைத்து, விளக்கொளியில் எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. அது ஆவியின் கணக்கு. கையில் கிடைத்த தண்ணீர் இல்லை. வில்சனின் 5 லிட்டர், கழுதை குடித்த தண்ணீர். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. ஆவியைத் தண்ணீராக்க மூடி வேண்டும். அந்த மூடி எதனால் ஆனது, பழுதானால் எங்கே போகும் என்ற பேச்சு ரொம்பக் குறைவு.

மூடியில் அடிபட்ட சரித்திரமும் உண்டு. கிரேக்கத் தீவான சிமியில் 1964-இல் பிளாஸ்டிக் மூடி போட்டுக் கட்டினார்கள். அதே தீவுக்கூட்டத்துப் பத்மோஸில் 1967-இல் 8,600 சதுர மீட்டரில் பெரிய ஆலை கட்டியபோது, போட்டது கண்ணாடி. பிளாஸ்டிக் படலம் வெயிலில் நைந்துபோகும், காற்றில் கிழியும். போதாக்குறைக்கு, அதில் நீர் மெல்லிய படலமாகப் பரவாமல் முத்து முத்தாக நின்று, திரும்பத் தொட்டியிலேயே சொட்டும்.

கடைசியாகச் சொன்னதை நம்பாமல் மொட்டைமாடியில் செய்து பார்த்தேன். இரண்டு மரப்பெட்டி, கறுப்புப் பெயின்ட், உப்புத் தண்ணீர். ஒன்றுக்குப் பாலித்தீன், இன்னொன்றுக்குப் பழைய ஜன்னல் கண்ணாடி. பாலித்தீன் பெட்டியில் சாயந்தரம்வரை உள்ளே மழைதான் பெய்தது. குப்பியில் சேர்ந்தது கொஞ்சம். கண்ணாடிப் பெட்டியில் அரை டம்ளருக்கு மேலே சேர்ந்தது. ரெண்டாவது வாரம் பாலித்தீன் மூலையில் கிழிந்து குப்பைக்குப் போனது. கண்ணாடி அம்மாவிடம் போய்விட்டது. காக்காய் வராமல் இருக்க வடகத்தட்டுக்கு மூடியாக வைத்திருக்கிறார்.