ஒரு சிறு மடிப்பின் சரித்திரம்

மனித இருதயத்தைப் போர்த்தியுள்ள உறையின் உட்புறத்தில், இடது நுரையீரலுக்குச் செல்லும் தமனிக்கும் அதிலிருந்து திரும்பும் மேற்சிரைக்கும் நடுவே, மெல்லிய மடிப்பொன்று காணப்படுகிறது. பார்வைக்கு அது அற்பமே. ஆயினும் கர்ப்பத்தில் தோன்றி மறைந்துபோன பெருஞ்சிரை ஒன்றின் ஞாபகச் சின்னம் அதுவென்று அறிய மனித அறிவுக்கு வெகுகாலம் பிடித்தது.

பாதுவா நகரத்துப் பேராசிரியர் பாப்ரீசியஸ் 1603-ல் சிரைகளின் வால்வுகளை விவரித்தார். அவருடைய மாணாக்கர் வில்லியம் ஹார்வி 1628-ல் இரத்தம் சுற்றியோடும் உண்மையை உலகுக்கு நிலைநாட்டினார். இரத்தம் ஓடும் மார்க்கம் இவ்வாறு துலங்கிய பின்னும், அம்மார்க்கம் கருவில் எவ்வாறு உருவாகிறது என்ற கேள்வி நெடுநாள் விடையின்றியே நின்றது.

அதற்கு வழி திறந்தவர்களுள் முக்கியமானவர் கோனிக்ஸ்பர்க் சர்வகலாசாலையின் ஹைன்ரிக் ராத்கே. முதுகெலும்புப் பிராணிகளின் சிரை மண்டலத்தைப் பற்றி 1838-ல் வெளியிட்ட நூலில், கருவின் உடலிலிருந்து இரத்தத்தை இருதயத்துக்குக் கொணரும் ஆதிச் சிரைகள் வலமும் இடமுமாக இரட்டையாய் அமைவதை அவர் எடுத்துரைத்தார். அச்சமச்சீர் மனிதனிடம் நிலைப்பதில்லை. தலையிலும் கைகளிலுமிருந்து வரும் இடப்புற இரத்தத்தை வலப்புறம் சேர்க்கும் குறுக்குச் சிரையொன்று எட்டாவது வாரத்தையொட்டி உருவாக, வலது சிரை மேற்பெருஞ்சிரையாக வளர, இடது சிரையின் கீழ்ப்பகுதி படிப்படியாகச் சுருங்கிவிடுகிறது.

லண்டன் நகரத்து சஸ்திர வைத்தியர் ஜான் மார்ஷல், மனிதக் கருவையும் பாலூட்டிகளின் கருக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1850-ல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்ட கட்டுரையில், மேற்சொன்ன மடிப்பு அவ்வாறு சுருங்கிய சிரையின் எச்சமே என்று காட்டினார். முயலுக்கு இயல்பாகவே இரண்டு மேற்பெருஞ்சிரைகள் உண்டு; மனிதருள்ளும் ஆயிரம் பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்கு இடது சிரை மறையாமல் நின்றுவிடுகிறது. விபரீதமென்று தோன்றும் இந்தப் பிறவி வேறுபாடு, எல்லோரும் கருவில் கடந்து வந்த ஒரு கட்டம் அழியாமல் தங்கியதன்றி வேறல்ல.

பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. மறையாது நின்ற இடது சிரையின் இரத்தமும் இருதயத்தின் பின்புறச் சிரைக்குழி வழியே வலது மேலறையையே அடைகிறது. கழுத்துச் சிரையில் செலுத்திய குழாய் எதிர்பாராமல் மார்பின் இடப்புறமாக இறங்கக் காணும் வைத்தியருக்கு, அன்றைய கருவாராய்ச்சியே இன்று காரணம் சொல்கிறது. அந்த மடிப்பும், அதன் தொடர்ச்சியான சாய்சிரையும் இன்றளவும் வைத்திய நூல்களில் மார்ஷலின் பெயராலேயே வழங்கிவருகின்றன.